நீளமாக்கிய இரண்டு கோல்கள்

சாக்கில் சுற்றிய இரண்டு கோல்களை மச்சான் எங்கள் வீட்டு மேசையில் வைத்த அந்தப் பகல் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. சோறு போட வந்த ராத்தா சாக்கை விலக்கிப் பார்த்தாள். "இதென்ன, புல்லு வெட்டுறதா?" என்று கேட்டாள். "இல்ல புள்ள, பெரிய ஆக்கள் பந்தடிக்கிறது" என்று மச்சான் சிரித்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மச்சான் என் மூத்த சகோதரியான ராத்தாவின் கணவர். கல்முனைச் சந்தைக்குப் பின்னால் அவருக்கு இரும்பு கடையும் ஒரு லேத்துப் பட்டறை இருந்தது. நீர்ப்பாசனத் திட்டமொன்றின் தலைமை எஞ்சினியர் தன் பம்புகளைத் திருத்த அங்கேதான் அனுப்புவார். கொழும்பிலிருந்து வந்த தமிழர். கோல்ப் விளையாட்டில் பைத்தியம். பங்களாவுக்குப் பின்னால் புல்லை வெட்டிக் குழிகள் தோண்டி வைத்திருந்தார். அவருடைய இரும்புக் கோல்கள் எல்லாம் ஒரே நீளம், வெளிநாட்டில் சொல்லிச் செய்வித்தவை. எதை எடுத்தாலும் ஒரே மாதிரி நின்று அடிக்கலாமாம். மணலில் விழுந்த பந்தைக் கிளப்பும் 'வெட்ஜ்' என்ற இரண்டு மட்டும் நீளத்தில் கட்டை. அவற்றையும் மற்றவற்றுக்குச் சமமாக்கித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

மச்சான் அந்த வேலையை விரும்பிச் செய்தார். கோல் குழாயின் மேல்முனைக்குள் உருக்குத் துண்டைச் செருகி நீட்டினார். நீளம் கூடியதும் வீசும்போது கோலின் தலை கனத்தது. பின்பக்கத்தை அரைத்து இரும்பைக் குறைத்தார். பிறகும் தலையின் நுனி நிலத்தில் படியாமல் தூக்கி நின்றது. கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் படிய வைத்தார். கடற்கரைக்குக் கொண்டுபோய் மணலில் வீசிப் பார்த்தபோது வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்களாம்.

கோல்களைக் கொடுக்கப் புறப்பட்ட காலையில்தான் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. பட்டறையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வெட்டிய குழாய்த் துண்டுகளும் இரும்புத் தூளும் கிடந்தன. அந்தக் காலத்தில் பட்டறையில் உருக்குக் குழாய் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இயக்கத்துக்கு ஆயுதம். "எஞ்சினியர் சேர்ர சாமான் இது" என்று மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கோல்களையும் அவரையும் ஒரே வண்டியில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

ராத்தாவும் நானும் பஸ் ஏறிப் பங்களாவுக்குப் போனோம். எஞ்சினியர் பொறுமையாகக் கேட்டார். "பயப்படாதீங்கோ, நான் கதைக்கிறன்" என்றார். அவருடைய மனைவி தேநீர் தந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் ராத்தா அந்த மனிதருக்காக இறைவனிடம் துஆக் கேட்டுக்கொண்டே வந்தாள். மற்றதையெல்லாம் மறந்தாலும் அந்தத் துஆவை என்னால் மறக்க முடியவில்லை.

மச்சான் வரவில்லை. மறுபடியும் போனோம். விறாந்தையில் தோல் பையொன்று சாய்ந்திருந்தது. அதற்குள் மச்சான் நீட்டிய இரண்டு கோல்களும் மற்றவற்றோடு சமமாக நின்றன.

"சேர், உங்கட கோல் வந்திட்டு. அவர் எங்க?" என்று ராத்தா கேட்டாள்.

எஞ்சினியர் பையைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. "சாமானுக்கு நான் பொறுப்புச் சொல்லலாம். ஆளுக்கு நான் எப்படிப் பொறுப்புச் சொல்றது? காலம் சரியில்லைத்தானே."

கோல் தன்னுடையது என்று முகாமில் சொல்ல அவருக்கு வாய் இருந்தது. செய்யக் கொடுத்ததும் நான்தான் என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். அன்று எங்களுக்கு யாரும் தேநீர் தரவில்லை.

மாதங்கள் கழித்து, அறுவடையும் முடிந்த பிறகுதான் மச்சானை விட்டார்கள். வலது கை விரல்கள் மடியவில்லை. லேத்தின் பிடியைச் சுழற்றப் பார்ப்பார், கை வழுக்கும். பட்டறையை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டார்.

ஒருநாள் எஞ்சினியரின் சாரதி வாசலில் வந்து நின்றார். கையில் வேறு இரண்டு கோல்கள். "சேர்ர கூட்டாளிட. அதே மாதிரிச் செய்து தரட்டாம். முந்தினது நல்லா அடிபடுதாம்" என்றார்.

மச்சான் கோல்களைத் தொடவில்லை. "கை சரியில்ல எண்டு சொல்லுங்க."

"என்ன நடந்த?"

"மெசின்ல பட்ட."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"மெசின்ல படல்ல தம்பி. உங்கட சேர்ர கோல்ல பட்ட. போய் அப்படியே சொல்லுங்க."

சாரதி தலையைக் குனிந்துகொண்டு போனார். சொல்லியிருக்க மாட்டார். அவருக்கும் பிள்ளைகுட்டிகள் இருந்தன.