அந்த நூறு கமலம்மாள் போட்டது

சனிக்கிழமை காலை காரியாபட்டி பஸ்ஸிலிருந்து அருப்புக்கோட்டையில் இறங்கியதும் தெரிந்த தறிக்காரர் ஒருவர் சொன்னார்: "கணக்குப் புலியோட மதினி தவறிட்டாக." துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. செத்த பிறகும் அவருக்குச் சொந்தப் பெயர் கிடையாதா?

கமலம்மாள் என்பது அவர் பெயர். அருப்புக்கோட்டைத் தறிக்கூடம் ஒன்றில் பக்கத்துப் பக்கத்து ராட்டையில் உட்கார்ந்து எட்டு வருஷம் தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றினோம். அவர் கை நூலை ஓட்டும். கண் தரையில் சாக்பீஸால் எழுதிய எண்களில் இருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வாரப் பத்திரிகை புதிர்ப் போட்டி வைத்தது. ஒன்று முதல் ஒன்பது வரை, வரிசை மாறாமல், ஒவ்வொன்றும் ஒரே தடவை; பக்கத்து எண்களை ஒட்டியும் எழுதலாம். கூட்டல், கழித்தல் மட்டும் போட்டு நூறு வர வேண்டும். குறிகள் குறைந்த விடைக்குப் பரிசு. டீக்கடையில் ஆண்கள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கமலம்மாள் ஒரு தார் முடிவதற்குள் சிரித்தார்.

"ஒத்த ஒத்தையாக் கூட்டினா நாப்பத்தஞ்சைத் தாண்டாதுடி. மொதல்ல நூறைத் தாண்டிப் போவணும், பெறகு கழிச்சுட்டு வரணும். எழுது."

123 − 45 − 67 + 89. மூன்றே குறிகள்!

அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சலட்டையை அவர் வீட்டில் வைத்து நான்தான் எழுதினேன். அனுப்புநர் பெயருக்கு வந்தபோது மாமியார் குறுக்கிட்டார்: "மருமக பேரு முன்னப்பின்ன தெரியாதவுக கையில போறதா? சின்னவன் பேரைப் போடு." கமலம்மாள் என்னைப் பார்த்தார். நான் அவருடைய கொழுந்தன் பெயரை எழுதினேன்.

கைக்கடிகாரம் கொழுந்தனுக்கு வந்தது. படமும் அவருடையதுதான் அச்சானது. பள்ளிக்கூட விழாவில் மாலை போட்டு, 'கணக்குப் புலி' என்று பட்டம் வேறு! யாராவது புதிரோடு வந்தால் அவர்களை உட்கார வைத்துவிட்டு, வெட்கமே இல்லாமல் அடுப்படிக்கு ஓடுவார்: "மதினி, இது எப்படி?" கமலம்மாள் அக்காவும் சொல்லுவார். "ஏன்க்கா சொல்றீக?" என்று நான் கத்தினால், "விடை சரிதானே, விடு" என்பார். ஒரே ஒரு தடவைதான், "எம்பேரையும் அச்சுல பாத்திருக்கலாம்டி" என்றார்.

துக்க வீட்டில் அந்த மனுஷர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மதினிக்கும் கொஞ்சம் கணக்கு வரும். நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்த நூறை இப்பப் போட்டுக் காட்டுங்க, பாப்போம்!" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எழவு வீட்டுல பேசுற பேச்சா இது?" என்று பெண்களே என்னை அதட்டினார்கள்.

போங்கக்கா. உங்கள் கொழுந்தனைத் திட்டிவிட்டேன், பத்திரிகையைத் திட்டிவிட்டேன், செத்துப்போன உங்கள் மாமியாரையும் விடவில்லை. ஆனால் பெயரை மாற்றி எழுதிய கை என்னுடையது. என்னை மன்னிக்காதீங்க.