திங்கட்கிழமை 502

என் சித்தப்பாவுக்கு வாரத்தில் ஒரே ஒரு போன் வரும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசைப் பெண்ணிடமிருந்து. "சார், பக்கம் மறுபடியும் வரல. 502ன்னு காட்டுது."

சித்தி இறந்த பிறகு அவர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு ஒடுங்கிவிட்டார். மிச்சமிருந்தது அந்த மருத்துவமனையின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்றுதான். அவர் வீடு இரண்டாம் மாடியில் ஒற்றை அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இரண்டாவதில் துவைத்த துணி கிடக்கும். சொந்தக்காரர்கள் நாங்கள் ஒரு டஜன் பேர் இருந்தோம், பேருக்கு இருந்தோம். நானும் கூப்பிட்டதில்லை, அதை மறைப்பானேன்.

502 சங்கதி இதுதான். மருத்துவமனையின் இணையப் பக்கத்துக்கு யார் வந்தாலும் முதலில் வரவேற்பது வெப் சர்வர் என்ற நிரல். நோயாளிக்கு நேரம் ஒதுக்கும் வேலையைச் செய்வது பிஎச்பி என்ற இன்னொரு நிரல். அது பின்னால் தனியாக ஓடும். சனிக்கிழமை மாலை மருத்துவமனைக் கட்டடத்தின் மெயின் சுவிட்சை அணைப்பார்கள், திங்கள் காலை போடுவார்கள். வெப் சர்வர் தானாக எழுந்துகொள்ளும். பிஎச்பி எழாது. முன்னால் இருப்பது பின்னால் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று 502 என்ற பிழை எண்ணைக் காட்டிக் கையை விரித்துவிடும். சித்தப்பா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஒரு வரிக் கட்டளை அடித்து அதை எழுப்புவார்.

அதற்குள், "மழையாம்மா அங்க?", "பஸ் கிடைச்சுதா?" என்று நாலு வார்த்தை. மொத்தம் ஐந்து நிமிடம். அந்தப் போனுக்கென்றே சட்டை மாட்டிக்கொண்டு உட்காருவார் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மெஷின் எழும்போதே பிஎச்பியும் தானாகக் கிளம்பும்படி வைக்க இன்னொரு வரி போதும். கற்றுக்குட்டிகூட முதல் நாளே அதை அடித்துவிடும். இந்த மனிதர் மூன்று வருடம் அடிக்கவில்லை. மறதி என்றா நினைக்கிறீர்கள்? ஐந்து நிமிடத்தில் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று இருந்துவிட்டார்.

ஒரு திங்கள் அந்தப் பெண்ணின் குரல் உடைந்திருந்தது. "சார், இங்க முப்பது பேர் நிக்கிறாங்க. நான்தான் எதையோ தப்பா அமுக்குறேன்னு மேனேஜர் ஒவ்வொரு திங்களும் எல்லார் முன்னாடியும் திட்டறாரு. அடுத்த வாரமும் இப்படி ஆச்சுன்னா வேலைய விட்டு அனுப்பிடுவாராம்."

சித்தப்பா அன்று இரண்டு வரியும் அடித்தார்.

அடுத்த திங்கள் ஒன்பது, ஒன்பதரை, பத்து. போன் வாயே திறக்கவில்லை. பத்தேகாலுக்கு இவரே கூப்பிட்டார்.

"எல்லாம் சரியா ஓடுதாம்மா?"

"சூப்பரா ஓடுது சார். என்ன பண்ணீங்க?"

"ஒரே ஒரு வரி."

"அத முன்னாடியே பண்ணியிருக்கலாமே சார்?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சித்தப்பாவுக்குப் பொய் வராது. "பண்ணியிருக்கலாம்மா. பண்ணியிருந்தா நீ கூப்பிட்டிருக்க மாட்டியே."

"அதுக்காகவா சார் நான் மூணு வருஷம் திட்டு வாங்கினேன்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்க இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார், அவள் எடுக்கவில்லை. பக்கம் மட்டும் இன்றுவரை ஒரு திங்கட்கிழமையும் நிற்கவில்லை.