இரண்டு காரிலும் இல்லாத மகள்

மைத்துனன் குடும்பத்தோடு இரண்டு காரில் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டைக்குப் போனோம். சுல்தான் விழுந்த இடத்தில் போரை நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டுக் கிளம்பினேன். மண்டியாவில் காபிக்கு இறங்கினால், ஒன்பது வயது மகளைக் காணோம்!

“உங்க வண்டியிலன்னு நினைச்சேன் மாமா,” என்றான் மைத்துனன்.

“நினைப்பியாடா நீ?” என்று கத்தினேன்.

“அவனை ஏன் திட்டுறீங்க? நீங்க பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

கோபம் இரட்டிப்பானது. திரும்பும் வழியில் ஸ்பீட் பிரேக்கரைக்கூடத் திட்டினேன். மாவீரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கோட்டை வாசலில், வெள்ளரிக்காய் விற்கும் அம்மா பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

“பாத்ரூம் போறேன்னு சொன்னேன்ல? நீங்க சுல்தான் மாதிரி கத்தி சுத்திட்டு இருந்தீங்க!”

இப்போதெல்லாம் மைத்துனன் காரையும் திறந்து, பிள்ளைகள் முகத்தைப் பார்த்த பிறகே வண்டியை எடுக்கிறேன். அவன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். என்மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.