கை நனைக்காத சம்பந்தியும் கழிவுக் கொள்கையும்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இரண்டு பக்கத்துக்குள் முடிக்கும்படி தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். அப்பா எழுதியிருந்தால் முன்னுரையே அவ்வளவு வந்திருக்கும்.

அப்பா இலுப்பூருக்குப் பக்கத்தில் கடலை விவசாயம் செய்த குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். கீரனூரில் உறவினர் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே திருச்சிக்குப் போய்ப் படித்தார். பிறகு டெல்லியில் அரசு வேலை. கதிரியக்கக் கழிவை யார், எங்கே, எப்படிப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் கொள்கை எழுதும் குழுவில் இருந்தார்.

ஊரில் இதைப் புரியவைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. "அம்புட்டுப் படிச்சிட்டுக் குப்பையவா அள்ளுறே?" என்று பெரியப்பா கேட்பார்.

"அள்ளலண்ணே. அத எப்புடி வைக்கணும்னு எழுதுறேன்."

"குப்பைய வைக்கிறதுக்கு எதுக்குடா எழுதணும்?"

எழுத்தில் அப்பா ரொம்பக் கறார். எனக்காகப் பள்ளிக்கு எழுதிய விடுப்புக் கடிதத்தில், காய்ச்சல் என்றால் என்ன என்ற விளக்கம்தான் முதலில் இருந்தது. டீச்சர் அதை மற்ற வகுப்புகளுக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

எனக்கு மணமேல்குடியிலிருந்து வரன் வந்தது. போட்டோவிலேயே மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. பேச்சு முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். முப்பது வருடம் டெல்லியில் இருந்த அப்பா அதைச் சுத்தமாக மறந்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கேசரியும் காப்பியும் அப்படியே இருப்பதைப் பார்த்து, தன் வேலைக்குப் பயந்துதான் அவர்கள் தொடவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

"பயப்படாமச் சாப்பிடுங்க தங்கச்சி. அந்தக் கழிவையெல்லாம் நான் வீட்டுக்குக் கொண்டாறதில்ல."

"எந்தக் கழிவுங்கண்ணே?" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

அதுவரை அப்பா ஏதோ ஆபிசில் இருக்கிறார் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். அப்பா முக்கால் மணி நேரம் விளக்கினார். சில கழிவு பல தலைமுறைக்கு ஆபத்தானது என்பதையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து செருப்பைத் தேடினார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகை முட்டியது. இந்தக் கல்யாணம் போனால் அப்பாவோடு பேசுவதே இல்லை என்று முடிவு செய்தேன்.

தாயார் மட்டும் எழவில்லை. "அம்புட்டுக் காலம் அத யாருண்ணே பாத்துக்கிருவா?"

"அதத்தான் எழுதிக்கிட்டிருக்கோம். உண்டாக்குனவங்கதான் பொறுப்பு. பேரப்புள்ளைக தலையில கட்டிட்டுப் போயிரக் கூடாது."

"இன்னும் பொறக்காத புள்ளைகளுக்கு இம்புட்டுக் கவலப்படுற வீட்டுல பொண்ணு எடுக்காம வேற எங்க எடுக்கிறது?" என்று தாயார் கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். சித்தப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அப்பா நோயில் விழுந்தபோது தோள் கொடுத்த மருத்துவர், செவிலியர், அண்டை வீட்டார், பங்காளிகள் எல்லோருக்கும் நன்றி. தம்பி துபாயில் இருந்ததால், கடைசி நான்கு மாதம் அப்பாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர், அன்று கேசரித் தட்டை இழுத்த என் மாமியார் அத்தைதான்.

"பொண்ணு குடுத்த வீட்டுக்கே பாரமாயிட்டேனே" என்று ஒருநாள் அப்பா கலங்கினார்.

"மனுசனப் பாத்துக்கிறதும் கழிவப் பாத்துக்கிறதும் ஒண்ணாண்ணே? வாயத் தொறங்க" என்று கஞ்சியை ஊட்டினார் அத்தை. அப்பா அழுதுகொண்டே முழுவதையும் குடித்தார்.

அத்தை, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.