துவக்குக் கண்ணாடியின் விலை

என் கணவர் வேட்டைக்குத் துவக்கு வாங்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு நெஞ்சு ஒரு மாதிரித்தான் இருக்கிறது. நாட்டைவிட்டு வந்து பென்டில் ஹில்லில் இருந்துகொண்டு கம்பியூட்டர் வேலை பார்க்கிற மனிசனுக்கு எதற்கு வேட்டை? வேலையிடத்து நண்பர் ஒருவருக்கு மலைக்கு அப்பால் பண்ணை இருக்கிறது. காட்டுப்பன்றி வேலியை உடைக்கிறதாம், இவர்கள் கூட்டாகப் போய்ச் சுடுகிறார்களாம். லைசென்ஸ் எடுத்தார், இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரோடு பூட்டினார், எல்லாம் முறைப்படி. நான் உடுப்பு மடிக்கிற அறையில்தான் அந்தப் பெட்டி நிற்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க இன்றைக்கும் என்னால் முடியாது.

துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப்பை மட்டும் இணையத்தில் மலிவாக எடுத்தார். "கடையில இதின்ர விலை பத்து மடங்கு. அதே சாமான்தான்" என்றார். மரக்கறிக் கடையில் ஒரு டொலருக்குப் பேரம் பேசுகிற ஆளுக்கு அது பெரிய வெற்றி. எனக்கும் சந்தோஷம்தான். மலிவுச் சாமான் கெதியாகப் பழுதாகும், மனிசனுக்கும் அலுத்துப்போகும் என்று ஒரு நப்பாசை.

அலுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணையிலிருந்து திரும்பி வந்தவர் சாப்பாட்டைத் தொடாமல் கதிரையில் இருந்தார். துருவித் துருவிக் கேட்டபிறகுதான் வாய் திறந்தார்.

"நேற்று பொழுதுபடுற நேரம், புல்லுக்குள்ள கறுப்பா ஒண்டு அசைஞ்சது. ஸ்கோப்புக்குள்ளால பாத்தா ஒரே மங்கல். பண்டி எண்டுதான் நினைச்சன்."

"பிறகு?"

"சுடேல்லை. என்னவோ சந்தேகமா இருந்தது. பாத்தா, அவன் குனிஞ்சு சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு நிக்கிறான்."

அவன் என்றது அந்தப் பண்ணைக்கார நண்பரை. போன தீபாவளிக்கு எங்கள் குசினியில் நின்று சுடச்சுட வடை சாப்பிட்ட மனிதர். இனிப் போகவேண்டாம் என்றேன். தலையாட்டினார். அடுத்த கிழமையே துவக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லி நிற்பாட்டக்கூடிய ஆளா இவர்?

சண்டைக் காலத்தில் ஊரில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இராணுவக் காவலரண் ஒன்று இருந்தது. ரியூசன் முடிந்து வர இருட்டிவிடும். அம்மா எனக்கு வெள்ளைச் சட்டைதான் போட்டு அனுப்புவா. "ஓரத்தால வராதை, நடு றோட்டால வா. பாக்கிறவனுக்குப் பிள்ளை எண்டு தெரியவேணும்" என்பா. மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தவனிடம் இருந்தது நல்ல கண்ணாடியா, மட்டமானதா, யாருக்குத் தெரியும்? ஓடாமல், கையை வீசாமல் நடந்து வருவேன்.

வெள்ளிக்கிழமை வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்ததும், நானே அவரைத் துவக்குக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பழைய ஸ்கோப்பையும் கழற்றி எடுத்துவரச் சொல்லியிருந்தேன். பெரிதாகக் காட்டுவது எல்லாவற்றாலும் முடியும், வெளிச்சம் போனபிறகும் தெளிவாகக் காட்டுவதற்குத்தான் விலை என்றார் கடைக்காரர். கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். விலையைப் பார்த்த என் கணவர் என் காதுக்குள் குனிந்தார்.

"உமக்கென்ன விசரே? துவக்கை விட விலை."

கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இரண்டையும் வாசலுக்கு எடுத்துப் போனேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. துவக்கில் பூட்டாத வெறும் ஸ்கோப்தான். ஆனாலும் அதைத் தெருப் பக்கம் திருப்ப எனக்குக் கை கூசியது. அவரிடமே கொடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, முதல் உங்கட பழசால பாருங்கோ. பஸ் தரிப்பில ஆர் நிக்கினம்?"

"ஆரோ நிக்கினம். தெரியேல்லை."

"இப்ப இதால பாருங்கோ."

"ஒரு மனுசி. கையில பால் போத்தல்."

"என்ன நிறத்தில உடுத்திருக்கிறா?"

கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கறுப்பு. முழுக்கக் கறுப்பு."

"கறுப்பு உடுப்பிலையும் மனுசி எண்டு தெரியுதுதானே?"

"ஓம்."

நான் உள்ளே போய்க் கைப்பையைத் திறந்தேன்.