ஒன்று என்று சொல்ல ஒன்பது ஆண்டுகள்

அவரை நேரில் பார்த்திராதவர்கள் வைத்த பெயர் லேபிள் அக்கா. ஓர் அரசு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை. ஜன்னல் இல்லாத அறை, இரண்டு சோதனை இயந்திரங்கள், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும்போது மேசையையே உலுக்கும் ஒரு சென்ட்ரிஃபியூஜ், கால் ஒன்று ஆடுவதால் அட்டை மடித்து வைத்த நாற்காலி. இவைதான் அவருடைய ராஜ்யம்.

ரத்தம் எடுத்த குழாய் யாருடையது என்று பேனாவால் எழுதி ஒட்டுவதுதான் அங்கே நடைமுறை. ஈரக் கையுறை பட்டால் மை கலையும். ஒருநாள் ஒரே பெயருள்ள இருவரின் குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு எது யாருடையது என்று தெரியாமல் விழித்தார். அதற்குப் பிறகுதான் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, யாரும் அனுப்பிப் படிக்க வைக்கவில்லை. நோயாளியின் பெயரையும் பத்து இலக்கப் பதிவு எண்ணையும் குழாய் லேபிளிலும் அறிக்கையின் தலைப்பிலும் அச்சிட்டுத் தரும் ஒரு சின்ன மென்பொருளை எழுதி, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று மூலநிரலோடு இணையத்தில் வைத்தார். ஒன்பது ஆண்டுகளில் முந்நூறு பரிசோதனைக் கூடங்கள் அதை எடுத்துக்கொண்டன.

அந்த ஒன்பதாம் ஆண்டில் அதன் பதிப்பு எண் 0.31.4.

மென்பொருள் உலகில் பதிப்பு எண்ணுக்கு மூன்று பகுதிகள் வைப்பது வழக்கம். கடைசி எண் மாறினால் சின்னப் பழுது பார்த்திருக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு நிறுவலாம். நடு எண் மாறினால் புதிதாக எதையோ சேர்த்திருக்கிறார்கள், ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் எண் மாறினால் பழையபடி இருக்கும் என்று நம்பாதே, எல்லாவற்றையும் சோதித்துவிட்டு நிறுவு. நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு பொந்து உண்டு. முதல் எண் பூஜ்யமாக இருக்கும்வரை எதையும் எப்படியும் மாற்றலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பொந்துக்குள் ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்தும் மென்பொருள்கள் உலகில் ஏராளம். இதுவும் அதில் ஒன்று.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு இந்தப் பூஜ்யம் பிடிபடவே இல்லை.

"ஒம்பது வருஷமா ஓடுது, இன்னும் பூஜ்யமா? நான் மாட்டுன லிஃப்ட்டுல 'இது இன்னும் முடியல, ஏறினா உங்க பாடு'ன்னு எழுதி வெச்சா என்னைப் புடிச்சு உள்ள தள்ளிடுவாங்கம்மா."

"லிஃப்ட் வேற, இது வேறங்க."

"ஆமா. லிஃப்ட்டு விழுந்தா சத்தம் கேக்கும்."

ஒன்று என்று அறிவிக்கலாமா என்ற கேள்வி ஆண்டுக்கொருமுறை மென்பொருளைப் பராமரிக்கச் சேர்ந்திருந்த நிர்வாகக் குழுவுக்கு வரும். குழுவில் ஆறு பேர். அவர்களில் பேசுகிறவர்கள் இருவர். ஒருவர் கணினித் துறைப் பேராசிரியர். இன்னொருவர் மருத்துவமனைகளுக்கு லேபிள் அச்சு இயந்திரம் விற்கும் நிறுவனத்தின் ஆள். எல்லாருக்கும் அவர் பிரிண்டர்காரர். ஒன்று என்று சொல்லும் அளவுக்கு முழுமை வரவில்லை என்பார் பேராசிரியர். ஒன்று என்று சொன்னால் பொறுப்பு வரும் என்பார் பிரிண்டர்காரர். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று கலைவார்கள். ஜோதிடம் பொய் என்று ஒரு மணி நேரம் மேடையில் பேசத் தெரிந்த படிப்பாளிகள்தான் இவர்கள். ஓர் எண்ணைக் கண்டு நடுங்கினார்கள். அக்காவும் அவர்களோடு சேர்ந்து நடுங்கினார் என்பதை மறைக்க முடியாது. கணினி படிக்காதவள் எழுதியது, பெரியவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டார். அடக்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

இந்த நிலையில் 0.31.5 வந்தது. பிரிண்டர்காரரின் புது இயந்திரத்தில் லேபிளின் அகலம் குறைவு. பத்து இலக்க எண் அடங்கவில்லை. கடைசி இரண்டு இலக்கங்களை வெட்டிவிட்டார். இது முதல் எண்ணையே மாற்ற வேண்டிய காரியம். குறைந்தபட்சம் நடு எண்ணையாவது. ஆனால் நடு எண் மாறினால் பல மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்த பிறகே நிறுவ வேண்டும் என்று விதி. வாடிக்கையாளர்கள் முனகுவார்கள், விற்பனை தள்ளிப்போகும். ஆகவே கடைசி எண்ணை மட்டும் ஏற்றி, 'லேபிள் அமைப்பில் சிறு திருத்தம்' என்று குறிப்பு எழுதி அனுப்பினார். வெளியிடும் சாவி அக்காவிடம்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டின் நடுவே, ஒரு கையில் டப்பாவோடு, சிறு திருத்தம் என்பதைப் படித்துவிட்டு மற்றொரு கையால் பொத்தானை அழுத்தினார்.

பதினோராம் நாள், வேறோர் ஊர் மருத்துவமனைக்கு ஒரே பெயருள்ள இருவர் அடுத்தடுத்து வந்தார்கள். ஒருவர் கொத்தனார், மற்றவர் பள்ளி ஆசிரியர். இருவரையும் பிரித்துக் காட்டிய கடைசி இரண்டு இலக்கங்கள் லேபிளில் இல்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று நல்ல சிறுநீரகம் உள்ள ஆசிரியரைப் படுக்க வைத்தார்கள். கெட்டுப்போயிருந்த கொத்தனாரை, ஒன்றுமில்லை போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் தப்பியது அவருடைய உடம்பின் தயவு.

இனி யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். மருத்துவமனைகளில் இந்தத் தேடல் எப்போதும் மாடிப்படியில் கீழ்நோக்கித்தான் போகும். அங்கிருந்த இளம் டெக்னீஷியன் கையில் வேலைநீக்கத்துக்கு முன்னோடியாக ஓர் இடைநீக்க உத்தரவு வந்தது. அவர் அக்காவுக்குப் போன் செய்து அதைப் படித்துக் காட்டினார்.

"'முதிர்ச்சியடையாத, சோதனை நிலையிலுள்ள, பூஜ்யப் பதிப்பு மென்பொருளை மேலிட அனுமதியின்றித் தன்னிச்சையாக நிறுவிய குற்றம்'னு போட்டிருக்காங்கக்கா. நான் சேர்றதுக்கு முன்னாடியே அது அங்க ஓடிட்டு இருந்துச்சு. கடைசி நம்பர் மட்டும்தானே மாறுச்சு, அதான் நான் பாக்கல."

"நீ பாக்க வேண்டியதில்ல தம்பி. அதுக்குத்தான் அந்த நம்பரே இருக்கு."

"வியாழக்கிழமை விசாரணை. என்ன சொல்றதுன்னே தெரியலக்கா. வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான்."

ஞாயிறு காலை அக்கா குழுவைத் திரையில் கூட்டினார். தவறு நம்முடையது என்று ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்.

"அவசரப்படாதீங்கம்மா," என்றார் பிரிண்டர்காரர். "உரிமத்துலயே எழுதியிருக்கு, எந்த உத்தரவாதமும் கிடையாதுன்னு. நாம ஏன் தலையக் கொடுக்கணும்?"

"அந்தப் பையன் தலை போகுதே சார்."

"வருத்தம்தான். ஆனா இது ஒரு நல்ல சந்தர்ப்பம். நம்பர் முறையையே மாத்திடலாம். போட்டிக் கம்பெனிக்காரன் நாலுல இருக்கான். நாம நேரா அஞ்சுக்குப் போயிடுவோம்."

"அஞ்சா?" என்றார் பேராசிரியர். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலெல்லாம் எங்கன்னு கேப்பாங்களே. வருஷத்தையே எண்ணா வெச்சிக்கலாம். அதுல ஒரு அழகு இருக்கு."

"வருஷம் போட்டா, போன வருஷத்துதுன்னு பழசாத் தெரியுமே சார்," என்றார் பிரிண்டர்காரர்.

இப்படிப் போயிற்று மூன்று மணி நேரம். கூட்டம் கலைந்த பிறகும் மூன்று நாள் மடல் போட்டார்கள். ஐந்தா, ஆண்டா, புள்ளி வைப்பதா, கோடு போடுவதா என்று இருநூற்றுப் பன்னிரண்டு மடல்கள். டெக்னீஷியனைப் பற்றி ஒன்று. அது அக்கா எழுதியது. அதற்குப் பதில் இல்லை.

புதன்கிழமை அக்கா விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

"நீ போய்ச் சொன்னா உன் வேலைக்கும் சேத்து வேட்டு வெப்பாங்க, தெரியுமில்ல?" என்றார் கணவர்.

"தெரியும்."

"சரி. பஸ்ஸுல ஜன்னல் பக்கம் உக்காராத, உனக்குச் சேராது."

விசாரணை அறையில் ஒரு நீள மேசை, அதன்மேல் பச்சைத் துணி, துணியின்மேல் கண்ணாடி. விசாரணை அதிகாரி பக்கத்தில் அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளரான மருத்துவர் உட்கார்ந்திருந்தார். டெக்னீஷியன் நின்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது; உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அக்கா அந்த நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டுவிட்டு, தன் கடிதத்தைக் கொடுத்தார். ஒரே பக்கம். எண்ணை வெட்டிய திருத்தம் எங்களுடையது. அதைச் சின்னது என்று பொய் எண்ணிட்டு வெளியிட்டது நான். எங்கள் எண்ணை நம்பியதைத் தவிர இவர் வேறு தவறு செய்யவில்லை.

அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "முதல் எண் பூஜ்யம்னா இன்னும் வேலை முடியலன்னுதானே அர்த்தம்?"

"இல்ல சார். எங்களுக்குத் தைரியம் இல்லன்னு அர்த்தம்."

"அப்படின்னா?"

"வேலை முடிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு. முடிஞ்சதுன்னு சொன்னா பதில் சொல்லணும். அதுக்குப் பயந்து சொல்லல."

கண்காணிப்பாளர் குறுக்கிட்டார். "எப்படியோ, இந்த மாதிரி ஒண்ணு எங்க ஆஸ்பத்திரியில ஓடுதுன்னு நிர்வாகத்துக்குத் தெரியாது. அனுமதியும் குடுக்கல."

அக்கா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். மென்பொருளுக்கு வரும் கோரிக்கைகள் எல்லாம் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கும். அவற்றில் ஒன்றின் நகல். ஆறு ஆண்டுகளுக்கு முன், அதே கண்காணிப்பாளர் அலுவலகம் அனுப்பியது. அறிக்கையின் மேல் மருத்துவமனையின் சின்னம் சிறிதாகத் தெரிகிறது, பெரிதாக்கித் தரவும். கண்காணிப்பாளர் பெயரைத் தடித்த எழுத்தில் போடவும்.

"செஞ்சு குடுத்தோம் சார்," என்றார் அக்கா. "நாலு நாள்ல."

அதிகாரி இரு தாள்களையும் கோப்பில் வைத்தார். கண்காணிப்பாளர் கண்ணாடிக்கு அடியில் இருந்த பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்தில் டெக்னீஷியன் வேலைக்குத் திரும்பினார். 'இனி கவனமாக இருக்கும்படி' ஓர் எச்சரிக்கையையும் அவர் கோப்பில் சொருகினார்கள். குற்றமே இல்லாதவரை வெறுங்கையோடு அனுப்பினால் அலுவலகத்துக்கு மரியாதை என்ன ஆவது? கண்காணிப்பாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரிண்டர்காரருக்கும் ஆகவில்லை. உண்மையைச் சொன்ன அக்காவிடம்தான் அவருடைய மருத்துவமனை விளக்கம் கேட்டது: அலுவலக நேரத்தில் வெளிவேலை பார்த்தது ஏன்? அது சாப்பாட்டு இடைவேளை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டின் ஊதிய உயர்வை நிறுத்தி வைத்தார்கள்.

அவர் வேறொன்றும் செய்தார். வெட்டப்பட்ட இரண்டு இலக்கங்களையும் திருப்பி வைத்து, குழுவைக் கேட்காமல் 1.0.0 என்று வெளியிட்டார். எண்ணுக்கான விதியையும் கூடவே எழுதினார். நோயாளி யார் என்று காட்டும் எதைத் தொட்டாலும், ஓர் எழுத்தானாலும், முதல் எண் ஏறும். அது ஏறியதும் சோதிக்காமல் நிறுவாதீர்கள். எத்தனை முறை ஏறினாலும் எங்களுக்கு வெட்கமில்லை.

பேராசிரியர் போன் செய்தார். "இப்படி வெச்சா ரெண்டு வருஷத்துல இருபது ஆயிடும்மா. அசிங்கமா இருக்கும். அதோட, ஓட்டெடுப்பு இல்லாம இது என்ன ஜனநாயகம்?"

"நிரல் தொறந்துதான் சார் கெடக்கு. எடுத்துட்டுப் போய் உங்களுக்குப் புடிச்ச நம்பர் போட்டுக்கங்க."

பிரிண்டர்காரர் அதைத்தான் செய்தார். அதே மென்பொருளைப் பிரித்தெடுத்துப் பத்து என்று எண் போட்டார். நாற்பது மருத்துவமனைகள் அவர் பின்னால் போயின. ஒன்றைவிடப் பத்து பெரிது அல்லவா? எண்ணத் தெரிந்தவர்கள் எல்லாரும் எண்ணிப் பார்ப்பார்கள் என்பது மூடநம்பிக்கைகளில் ஒன்று.

சில மாதங்களில் பிறந்த தேதியையும் லேபிளில் சேர்த்தார் அக்கா. எண் 2.0.0 ஆயிற்று. வெளியான மறுநாளே இளம் டெக்னீஷியனிடமிருந்து போன்.

"முதல் நம்பர் ஏறிடுச்சேன்னு பழைய பேஷன்ட் இருபது பேரை வெச்சு ஓட்டிப் பாத்தேன்க்கா. பிறந்த வருஷம் மட்டும் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் ஜனவரி ஒண்ணுன்னு அடிக்குது. ஏழு பேரு ஒரே நாள்ல பொறந்திருக்காங்க."

"நெசமாவா? சீ, அதை யோசிக்கவே இல்ல தம்பி. நிறுவிட்டியா?"

"இல்ல, இன்னும் பழசுதான் ஓடுது. நீங்க சரி பண்ணுங்க, அப்புறம் போடறேன்."

அக்கா அன்று மாலையே சரி செய்தார். தேதி தெரியாவிட்டால் ஆண்டு மட்டும் அச்சாகும். நோயாளி யார் என்று காட்டும் இடத்தைத் தொட்டாயிற்று, எண் 3.0.0. கணவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒரே வாரத்துல ரெண்டு, மூணாயிடுச்சா? ஒம்பது வருஷம் நகராம நின்னுச்சு."

"அப்ப யாரும் பாக்கல," என்று சொல்லி அக்கா பொத்தானை அழுத்தினார். அழுத்துவதற்கு முன் குறிப்பை இரண்டு முறை படித்திருந்தார்.