சர்ச் பிச்சை

பிச்சை காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டவர்கள் மாலையும் கையுமாக என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ரங்கூனில் எங்கள் க்யிம்யிண்டைங் பேட்டையில் நானும் ஒரு பிச்சைதானே! கதவைத் திறந்த என் மனைவி திகைத்துப்போய், "அவுக உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காகளே!" என்றாள். நான் எச்சில் கையோடு வெளியே வந்தேன். வந்தவர்கள் முகத்தில் நிம்மதியும் வெட்கமும் ஒன்றாகத் தெரிந்தன. அப்படியானால் போனது சர்ச் பிச்சைதான் என்று எனக்கு உறைத்தபோது, கை கழுவக்கூடத் தோன்றவில்லை.

ஒரு காலத்தில் ரங்கூன் தமிழர்களில் பிச்சைகளுக்குப் பஞ்சமே இல்லை. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், பிறகு பிறந்த பிள்ளைக்காக வீடு வீடாக மடியேந்தி அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சுவாள். இது நான் பெற்றதல்ல, பிச்சையாக வந்தது என்று எமனுக்குச் சொல்லும் ஏற்பாடு அது. பிள்ளைக்கும் அதே பேர். இதில் சாமி பேதம் கிடையாது. நான் கோயில் பிச்சை, அவர் சர்ச் பிச்சை, இன்னொருவர் டீக்கடை பாய் பிச்சை. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் டீக்கடைக்காரரும் மற்றவர்களும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எங்கள் பக்கத்தில் நானும் சர்ச் பிச்சையும்தான் மிஞ்சினோம்.

அவருக்கோ அந்தப் பேர் ஆகவே ஆகாது. படகுத்துறையில் கிளார்க்காக இருந்தார். ஞானஸ்நானப் பேர் ஜோசப். "ஜோசப்னு கூப்பிட்டா வாய் வலிக்குமாய்யா? கையேந்துறது என் ரத்தத்துலயே கிடையாது" என்று சீறுவார். நான் வேண்டுமென்றே, "சரிங்க பிச்சை" என்பேன். அடுத்தவர் வாங்கித் தரும் டீயைக்கூடத் தொடமாட்டார். அவரோடு பழகியவர்களுக்கு அந்த வீம்பைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்?

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாகப் பெண் பிறந்தது. பிறந்த வாரமே காய்ச்சல், பால் குடிக்கவில்லை. மருந்து கொடுத்த டாக்டரும் உறுதியாக எதையும் சொல்லவில்லை. "யாராவது மடிப்பிச்சை வாங்கியாங்களேன்" என்று என் மனைவி அழுதாள். நான் துண்டை எடுத்தேன். பிள்ளையைப் பார்க்க வந்திருந்த அவர் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"நீ பிள்ளைகிட்ட இருய்யா. நான் போறேன்."

"நீங்களா?"

"ஏன், நான் பிச்சை இல்லையா?"

போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது துண்டு நிறைய அரிசி, கண் சிவந்திருந்தது. "எதிர்வீட்டு பர்மாக்காரம்மா டோ ஹ்லா, செருப்பைக் கழட்டி வச்சுட்டு, பிக்குமாருக்குப் போடுற மாதிரி ரெண்டு கையாலயும் போட்டுச்சுய்யா" என்றார். துண்டை இறக்கி வைத்துவிட்டு, "எங்கம்மாவும் இப்படித்தான எனக்காக வாசல் வாசலா நின்னிருக்கும்" என்றவர், கோட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த மனிதர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

காய்ச்சல் இறங்கியது. மருந்தா, கஞ்சியா? அந்த ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். பிள்ளைக்குப் பிச்சம்மாள் என்று பேர் வைத்தோம். அவர் மறுவாரமே பழையபடி, "ஜோசப்னு கூப்பிடுய்யா" என்று என்னிடம் மல்லுக்கு நின்றார். ஆனால் எங்கள் வாசலுக்கு வந்தால் மட்டும், "பிச்சம்மா, எங்க இருக்கீக?" என்று அந்தப் பொடிசை மரியாதையோடு கூப்பிடுவார்.

அடக்கத்துக்குப் போயிருந்தோம். சிலுவையில் ஜோசப் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கடைசியில் அவர் நினைத்ததுதான் நடந்தது; நடக்கட்டும். அவர் வேண்டாமென்று தள்ளிய பேரை நாங்கள் வைத்துக்கொண்டோம். சாயங்காலம் விளக்கேற்றியதும் வாசலில் நின்று கூப்பிடுகிறேன்: "பிச்சம்மா!" தெருக்கோடியிலிருந்து ஓடி வருகிறாள்.